டிசம்பர் வரைக்கும்

குளித்துவிட்டுத் தோளில் ஈரத் துண்டோடு வந்த அருள்பிரகாசம், அடுக்களை நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார். நெஞ்சின் நடுவில் யாரோ முழங்காலை வைத்து அழுத்துவது போல இருந்தது. துடைத்த முகத்தில் மறுபடியும் வேர்வை பொடித்தது.

"ஐரீனு, நெஞ்சு ஒரு மாதிரியா கீது. ஆஸ்பத்திரிக்கு இட்னு போங்க."

வீட்டில் மூன்று பேர் இருந்தார்கள். மனைவி ஐரீன் கரண்டியோடு அடுப்பருகே நின்றாள். மருமகள் ஷிஜி கீழே உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். மகன் ஜெரி கண்ணாடிக்கு முன்னால் தலை வாரிக்கொண்டிருந்தான். அந்தச் சொல் காதில் விழுந்தும் மூன்று பேரும் அசையவில்லை. ரொம்ப நேரமில்லை, பால் பொங்கி அடங்குகிற நேரம்தான். ஆனால் அந்த நேரத்துக்குள் மூன்று பேர் மனசிலும் ஒரே நினைப்பு ஓடிவிட்டது. அது என்ன நினைப்பு என்று தரையில் உட்கார்ந்திருந்தவருக்கும் தெரியும். வலியைவிட அதுதான் அவரை அதிகமாகப் பயமுறுத்தியது.

ஜெரி சீப்பை வைத்துவிட்டு, கொடியில் கிடந்த காக்கிச் சட்டையை எடுத்துக்கொண்டு வந்தான். அப்பா வேலைக்குப் போட்டுக்கொண்டு போகிற சட்டை அது.

"இத போட்டுக்க நைனா."

"ஆஸ்பத்திரிக்கு எதுக்குடா காக்கி?"

"போட்டுக்க. அப்பால பேசிக்கலாம்."

அவனே மாட்டிவிட்டான். தானும் வரட்டுமா என்று ஐரீன் மெதுவாகக் கேட்டாள். பைக்கில் மூன்று பேர் எப்படிப் போவது என்று ஷிஜி அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

ராயபுரத்துக்காரர்களுக்கு இதில் விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்லியாக வேண்டும். அரசாங்க வேலையில் இருப்பவர் பணிக்காலத்திலேயே இறந்துபோனால், குடும்பம் நடுத்தெருவுக்கு வந்துவிடக் கூடாதென்று வாரிசு ஒருவருக்கு வேலை தருவது உண்டு. நல்ல எண்ணத்தில் செய்த ஏற்பாடுதான். ஆனால் நிரந்தர வேலை என்பதே கண்ணால் பார்க்க முடியாத பொருளாகிவிட்ட ஊரில், அந்த நல்ல எண்ணம் வேறு மாதிரியாகப் பலிக்கிறது. ரிட்டையராகி மாலையோடு வீடு திரும்புகிறவரை இந்தச் சந்துகளில் யாரும் பெரிதாக மெச்சுவதில்லை. பணியில் இருக்கும்போதே போய்ச் சேர்ந்தவரைத்தான் குடும்பத்துக்கு ஒரு வழி பண்ணிவிட்டுப் போன மகராசன் என்கிறார்கள். கல்லறைத் திருநாளன்று அவர் கல்லறைக்குத்தான் பெரிய மாலை விழும்.

அருள்பிரகாசத்துக்கு வேலை வந்ததும் அப்படித்தான். ஹார்பரை ஒட்டிய ஓர் அரசாங்கக் கிடங்கில் அவர் கலாசி. கிரேன் கொக்கியில் இரும்புக் கயிற்றை மாட்டி மூட்டைகளையும் பெட்டிகளையும் ஏற்றி இறக்குகிற வேலை. அவருடைய அப்பாவும் அங்கே கலாசியாக இருந்தவர்தான். ஒரு நாள் மதியம் சாப்பிட்டுவிட்டு மூட்டை மேல் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. இருபது வயசில் அருள்பிரகாசம் அந்த வேலையில் சேர்ந்தபோது அம்மா தெரு முழுக்க பிரியாணி கொடுத்தாள். அவரும் சந்தோஷமாகச் சாப்பிட்டார். அதில் தப்பு இருப்பதாக அன்றைக்கு அவருக்குத் தோன்றவில்லை.

வருகிற டிசம்பரில் அவருக்கு அறுபது. அத்தோடு ரிட்டையர்மென்ட். மகன் ஜெரிக்கு முப்பத்திரண்டு. காட்டுப்பள்ளி துறைமுகத்தில் காண்டிராக்டருக்குக் கீழே கப்பலில் கன்டெய்னர்களைப் பிணைத்துக் கட்டுகிற வேலை. காண்டிராக்டர் மாறும்போதெல்லாம் அவனை வெளியே தள்ளுவார்கள், ஆறு மாசம் கழித்துக் கெஞ்சிக் கூத்தாடி மறுபடி உள்ளே போவான். கல்யாணமாகி ஒரு பெண் குழந்தையும் ஆயிற்று.

பொங்கல் கழிந்த சமயம், ரத்தக் குழாயில் அடைப்பு இருக்கிறது, இனி பாரம் தொடாதே என்று டாக்டர் சொன்னார். அதே மாசம் விருப்ப ஓய்வு கேட்பவர்கள் கேட்கலாம் என்று கிடங்கிலும் அறிவித்தார்கள். அருள்பிரகாசம் ஆசையோடு வீட்டில் வந்து சொன்னார். ஓய்வில் போனால் வாரிசுக்கு வேலை கிடையாது. யாரும் முகம் கொடுக்கவில்லை.

"வூட்ல குந்திக்கினு இன்னா பண்ணப் போற? டிசம்பர் வரைக்கும் பல்ல கடிச்சுக்கினு போயேன்" என்றாள் ஐரீன்.

அதற்குப் பிறகுதான் அவர் சின்னச் சின்ன விஷயங்களைக் கவனிக்க ஆரம்பித்தார். டாக்டர் தொடக் கூடாதென்று சொன்ன கருவாடு தட்டில் வந்து விழும். முன்பெல்லாம் ஊறுகாய்க்குக் கை நீட்டினாலே சண்டை பிடிக்கிற ஐரீன் இப்போது பார்க்காதது போல எழுந்து போய்விடுவாள். பத்து வருஷமாக அப்பாவை ஏறெடுத்துப் பார்க்காத ஜெரி தினமும் கிடங்கு வாசல் வரைக்கும் பைக்கில் கொண்டுபோய் விட்டான். ஷிஜி மாமாவுக்கென்று தனியாக மட்டன் பொரித்தாள். வீட்டில் எல்லாரும் அவரிடம் மரியாதையாகப் பேசினார்கள். அந்த மரியாதைதான் அவருக்கு உறுத்தியது. இதில் யாரும் கெட்டவர்கள் இல்லை. யாரும் அவர் சாக வேண்டுமென்று வாயால் சொன்னதுமில்லை. வாய்விட்டுச் சொல்லியிருந்தால் அவர் சண்டையாவது போட்டிருப்பார்.

இதோடு இன்னொரு கூத்தும் இருந்தது. எதிர்ச் சந்து ரெமிஜியஸ் வேலையில் இருந்தபோதே இறந்தவர்தான். ஆனால் லீவு போட்டுவிட்டு வேளாங்கண்ணிக்குப் போன இடத்தில் இறந்தார். அவர் மகனுக்கு வேலை கிடைக்கவில்லை. ரெமிஜியஸுக்கு இரண்டு சம்சாரம், இரண்டு பேரும் கோர்ட்டில் நின்றார்கள், அதனால் கிடைக்கவில்லை. தெரு அதைப் பார்க்கவில்லை. லீவில் செத்ததால்தான் வேலை போயிற்று, கேட்டுக்குள் போய் வருகைப் பதிவு மெஷினில் விரல் வைத்து டியூட்டியில் ஏறின பிறகு உயிர் போனால்தான் கணக்கு என்று தெருவே தீர்ப்பு எழுதிவிட்டது. ஜெரி அதை வேதவாக்காக நம்பினான்.

பைக் பெரிய தெருவுக்கு வந்தது. பாலத்துக்குக் கீழே பாதை இரண்டாகப் பிரியும். வலது பக்கம் ஆஸ்பத்திரி, இடது பக்கம் கிடங்கு. சிக்னலில் சிவப்பு. இரண்டு பக்கமும் கன்டெய்னர் லாரிகள் உறுமிக்கொண்டு நின்றன. அருள்பிரகாசம் மகன் முதுகில் சாய்ந்திருந்தார். இடது கை மரத்துப்போய் அவருடையது இல்லாதது போலத் தொங்கியது.

"ரைட்ல திரும்புடா" என்றார்.

"கேட்டாண்டயே டிஸ்பென்சரி கீது நைனா. டியூட்டில கீறவங்கள நல்லா கவனிப்பாங்க."

"அங்க மாத்திரதான் குடுப்பாங்க. திரும்புடா கண்ணு. எனக்கு பயமா கீது."

ஜெரி சிக்னலையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முதுகு குலுங்குவது மட்டும் அவருக்குத் தெரிந்தது. அழுகிறானா, வண்டி அதிருகிறதா என்று புரியவில்லை. பச்சை விழுந்தது. வண்டி இடது பக்கம் திரும்பியது.

குதித்துவிடலாமா என்று அவருக்குத் தோன்றியது. பக்கத்தில் லாரிச் சக்கரம் அவர் தோள் உயரத்துக்கு உருண்டுகொண்டிருந்தது. காக்கியோடு விழுந்தால் அதையும் டியூட்டி என்றுதான் சொல்வார்கள் என்று நினைத்ததும் உடம்பெல்லாம் சில்லிட்டுப்போனது. பெற்ற பிள்ளையின் இடுப்பை இறுக்கிக் கட்டிக்கொண்டார். பயப்படவும் அவனிடம்தான் பயப்பட வேண்டியிருந்தது, பிடித்துக்கொள்ளவும் அவன்தான் இருந்தான்.

வீட்டில் ஐரீன் அடுப்பை அணைத்தாள். அவளால் நிற்க முடியவில்லை. ஷிஜியிடம் சொல்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனைக்கு வந்து ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனாள். அவசரப் பிரிவில் ஒவ்வொரு கட்டிலாகப் பார்த்தாள். அருள்பிரகாசம் என்று காக்கிச் சட்டை போட்டவர் யாராவது வந்தாரா என்று வாசலில் இருந்த ஊழியரிடம் கேட்டாள். யாரும் வரவில்லை என்றார் அவர். பைக்கில் கிளம்பியவர்கள் அவளுக்கு முன்னாலேயே வந்திருக்க வேண்டும்.

எங்கே போயிருப்பார்கள் என்று அவளுக்குச் சட்டெனப் புரிந்துவிட்டது. காலையில் காக்கியைப் பார்த்தபோதே புரிந்ததுதான். அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். அழுகை வரவில்லை. அழுவதற்குத் தனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று தோன்றியது. போன வெள்ளிக்கிழமை மாதா கோயிலில் முழந்தாளிட்டிருந்தபோது, 'எடுக்கறதா இருந்தா டிசம்பருக்கு முன்னாடியே எடுத்துக்க சாமி' என்று அவள் வாய் முணுமுணுத்தது. என்ன கேட்டோம் என்பது அடுத்த நொடிதான் உறைத்தது. தன் வாயைத் தானே அறைந்துகொண்டாள். கேட்டது கேட்டதுதான். இப்போது சாமி அதைக் கொடுக்கப் போகிறார் என்ற பயத்தில் அவளுக்குப் பல் கிட்டியது.

கிடங்கு வாசலில் ஜெரி அப்பாவைத் தோளில் தாங்கிக்கொண்டு விரல் வைக்கிற மெஷின் முன்னால் நிறுத்தினான். வேர்வையில் நனைந்திருந்த விரலை மெஷின் ஏற்றுக்கொள்ளவில்லை. ஜெரி தன் சட்டையில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தான். மறுபடியும் சிவப்பு விளக்கு.

"இன்னொரு தபா நைனா. ஒரே ஒரு தபா, அழுத்தி வை."

அவர் முட்டி மடங்கியது. காவலாளி ஓடிவந்தார். சத்தம் கேட்டு உள்ளேயிருந்து யூனியன் செயலாளர் அறிவு வந்தார். வியாசர்பாடிக்காரர், அருள்பிரகாசத்தோடு பல வருஷம் ஒரே ஷிஃப்டில் வேலை பார்த்தவர். கறுத்துப்போன முகத்தைப் பார்த்த உடனே இது மாரடைப்பு என்று அவருக்கு விளங்கிவிட்டது.

"யோவ், இவர எதுக்குய்யா இங்க இட்னு வந்த? மூள கீதா ஒனக்கு?"

அறிவு ஆபீஸ் ஜீப்பைக் கொண்டுவரச் சொல்லி, இரண்டு ஆட்களை வைத்து அருள்பிரகாசத்தைப் பின் சீட்டில் கிடத்தினார். அறிவு முன் சீட்டில் உட்கார, ஜெரியும் ஏறிக்கொண்டான். ஜீப் கிளம்பியதும் ஜெரி உடைந்துபோனான்.

"டியூட்டில ஏறாம போய்ட்டா வேல கெடைக்காதுன்னு சொன்னாங்கண்ணே. ரெமிஜியஸ் அண்ணன் வூட்ல அப்டிதான ஆச்சு. எனக்கு வேற வழி தெரிலண்ணே."

தான் யார் முன்னால் என்ன சொல்கிறோம் என்று யோசிக்காமலே அறிவு சொல்லிவிட்டார்.

"எந்த மடையன்டா சொன்னான் ஒனக்கு? சர்வீஸ்ல இருந்தா போதும். லீவுல போனாலும் சரி, வூட்ல தூங்கிகினே போனாலும் சரி, எல்லாம் ஒண்ணுதான். இதுக்காடா இவர இழுத்துகினு வந்த?"

அருள்பிரகாசத்துக்கு நினைவு இருந்தது. எல்லாவற்றையும் கேட்டார். தெருவின் தீர்ப்பை அவரும் நம்பியிருந்ததால், இத்தனை நாளும் கிடங்கு வாசல்தான் அவருக்குப் பெரிய பயமாக இருந்தது. வீட்டுக்குத் திரும்பினால் அன்றைய பொழுது பிழைத்தோம் என்று மூச்சு விடுவார். இனி வீடும் அப்படி இல்லை. தலையணையும் சாப்பாட்டுத் தட்டும்கூட டியூட்டி கணக்கில் சேர்ந்துவிட்டன.

ஆஸ்பத்திரி வாசலில் ஜீப் வந்து நின்றபோது, பெஞ்சில் இருந்த ஐரீன் காக்கிச் சட்டையைப் பார்த்து ஓடிவந்தாள். அவர் கண் அசைந்தது. உயிர் இருந்தது. அன்றைக்கே ரத்தக் குழாய்க்குள் ஸ்டென்ட் என்கிற கம்பிவலை வைத்தார்கள். இன்னும் அரைமணி நேரம் தாமதித்திருந்தால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று டாக்டர் சொன்னார். ஜெரி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

வார்டுக்கு மாற்றின பிறகும் அருள்பிரகாசம் பயந்துகொண்டேதான் படுத்திருந்தார். கண்ணை மூடினால் திறப்போமா என்று பயம். ஷிஜி கஞ்சி கொண்டுவந்து ஸ்பூனை நீட்டினாள். அவர் வாய் திறக்காமல் ஐரீனைப் பார்த்தார். ஐரீனுக்குப் புரிந்தது. ஸ்பூனை வாங்கித் தான் ஒரு வாய் குடித்துவிட்டு அவருக்குக் கொடுத்தாள். ஷிஜி பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனாள். தன்னை அப்படி நினைத்துவிட்டாரே என்று அவளுக்கு ஆத்திரம். அப்படி நினைக்க முழுக்கக் காரணமே இல்லை என்று சொல்லவும் அவளால் முடியவில்லை.

நாளைக்கு வீட்டுக்குப் போகலாம் என்று நர்ஸ் வந்து சொன்னபோது அவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

"இன்னும் ரெண்டு நாளு வெச்சுக்கம்மா. புண்ணியமா போவும்."

"எல்லாரும் எப்ப அனுப்புவீங்கன்னு உயிர எடுப்பாங்க. நீங்க இன்னா தாத்தா இப்படி?" என்று நர்ஸ் சிரித்துவிட்டுப் போனாள்.

ஐரீன் கட்டிலருகே ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். ரொம்ப நேரம் போர்வை நுனியை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தாள்.

"ஜெரி அப்பா, நான் ஒண்ணு சொல்றேன். கேட்டுட்டு அடிக்கணும்னாலும் அடி."

"சொல்லு."

"நான் மாதா முன்னாடி குந்திக்கினு, டிசம்பருக்கு முன்னாடி ஒன்ன எடுத்துக்கச் சொல்லி வேண்டிக்கினேன். ஒரு தபாதான். ஆனா வேண்டிக்கினேன்."

அவர் கூரையில் சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியும்" என்றார். "எங்கப்பன் செத்தப்ப, நானும் உள்ளுக்குள்ள சந்தோசப்பட்டவன்தான்டி. எனக்குத் தெரியாதா?"

ஐரீன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். இப்போது அழ முடிந்தது. அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"வூட்டுக்கு வர பயமா கீது ஐரீனு. ஒன்ன பாத்தாலும் பயமா கீது. டிசம்பர் வரைக்கும் இப்டியே ஒவ்வொருத்தர் கையையும் பாத்துக்கினு படுத்திருக்க என்னால முடியாது."

"உட்ரு" என்றாள் அவள். "வேலைய உட்ரு. இன்னிக்கே உடு. அப்பறம் யாரும் எதுக்கும் காத்துக்கினு இருக்க மாட்டாங்க. நானும்தான்."

அவளே அறிவுக்குப் போன் போட்டாள். அவர் பதறினார்.

"இன்னா அண்ணி பேசுறீங்க? மெடிக்கல் லீவு போட்டுக்கினு வூட்ல படுத்திருக்கட்டும். டிசம்பர் வரைக்கும் சர்வீஸ்ல இருக்கட்டும். நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆனா புள்ளைக்காவது..."

"அந்த நாளைக்குன்றதுதான் வேணாம்ன்றோம். எழுதி எடுத்துகினு வாங்க, அவரு கையெழுத்து போடுவாரு."

ஜெரி அப்போது வார்டு வாசலில் நின்றுகொண்டிருந்தான். எல்லாம் அவன் காதில் விழுந்தது. உள்ளே வந்து தடுக்கவில்லை. அம்மா போனை வைத்ததும், மாத்திரை வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டு மாடிப்படியில் இறங்கிப் போனான். எதிர்காலம் என்று அவன் நினைத்துக்கொண்டிருந்த ஒன்று கண் முன்னால் போய்விட்டது. ஆனாலும் இத்தனை மாசமாகச் சுமந்துகொண்டிருந்த ஏதோ ஒன்று இறங்கினாற்போலவும் இருந்தது. அது எது என்று யோசிக்க அவனுக்குப் பயமாக இருந்ததால் யோசிக்கவில்லை.

அந்த மாசம் முடிவதற்குள் கிடங்கிலிருந்து அவரை விடுவித்துவிட்டார்கள். செய்தி தெருவில் பரவ அரை நாள்கூட ஆகவில்லை. அருள்பிரகாசம் மாரடைப்பில் விழுந்தபோது எட்டிப் பார்க்காதவர்களெல்லாம் இப்போது வர ஆரம்பித்தார்கள். பிரெட் பாக்கெட்டும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு, துக்கம் கேட்கிற முகத்தோடு வந்தார்கள். வந்தவர்கள் ஜெரி பக்கத்தில் போய் உட்கார்ந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டார்கள். மனசைத் தேற்றிக்கொள், நம்ம கையில் என்ன இருக்கிறது, கடவுள் வேறு ஏதாவது வழி காட்டுவார் என்றார்கள். ஷிஜியின் தலையைத் தடவிக் கொடுத்தார்கள். குழந்தையைப் பார்த்து உச்சுக் கொட்டினார்கள். ஐரீனிடம் மட்டும் யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

கட்டிலில் படுத்திருக்கப் பிடிக்காமல் அருள்பிரகாசம் எழுந்து அடுக்களைக்குப் போய், துக்கத்துக்கு வந்தவர்களுக்குத் தானே டீ போட்டார். ஐரீன் தடுத்துப் பார்த்தாள், கேட்கவில்லை. டம்ளர்களைத் தட்டில் வைத்து மெல்ல நடந்து வந்து ஒவ்வொருவருக்காகக் கொடுத்தார். வாங்கியவர்கள் அவர் கண்ணைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டார்கள். ராத்திரியில் இப்போது அவருக்கு நல்ல தூக்கம் வருகிறது. அதை அவர்களில் யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

கடைசியில் உட்கார்ந்திருந்தவள் பக்கத்து வீட்டு ஹில்டா. அவள் புருஷன் வேலையில் இருந்தபோதே போனவன். அவள் மகன் இன்றைக்கு ரயில்வேயில் இருக்கிறான். டம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள். அவள் குரலில் நிஜமான வருத்தம் இருந்தது.

"தப்பு பண்ணிட்டண்ணே. டிசம்பர் வரைக்குமாவது இருந்திருக்கலாம்."

அருள்பிரகாசம் காலித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு அவளுக்கு எதிரே உட்கார்ந்தார்.

"டிசம்பருக்கு அப்பாலயும் இருக்கணும்னுதாம்மா உட்டேன்."

ஹில்டா டீயை ஊதினாள். வாசலில் இன்னும் இரண்டு பேர் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். அருள்பிரகாசம் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, பாத்திரத்தில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி அடுப்பில் வைத்தார்.